அடுத்தவள் நிரை

அம்மா குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த சனிக்கிழமை, தோட்டத்து லய வரிசையில் எங்கள் காம்பரா வீட்டில் மூன்று பெட்டிகள் திறந்தன. சோப்பு, ஷாம்பு, பேரீச்சம்பழம், பால்மா. எனக்கு ஒரு போன். ரப்பர் பால் வெட்டுகிற அப்பாவுக்கு நெற்றியில் கட்டுகிற லைட்டு. என்னை வளர்த்த பக்கத்துக் காம்பரா அத்தைக்குப் பூப்போட்ட போர்வை. எல்லாவற்றையும் பங்கு போட்ட பிறகு பெட்டியின் அடியில் ஒரு துவாய்ச் சுருள் மிச்சமிருந்தது. பிரித்தால், கேம் ஆடுகிற கருவி. நடுவில் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள். முதுகில் ஒரு பூனை ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது.

"ஐ, இது யாருக்கு? எனக்கா?" என்றேன்.

"அத வையி. அது குடுக்கிறதுக்கு இல்ல," என்றாள் அம்மா.

"பத்தொன்பது வயசுல கேம் பொட்டிக்கு நாக்கத் தொங்கப்போடுறா பாரு," என்று அத்தை சிரித்தாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்பது லயத்துக்கே தெரியும். கருவியைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே பீலிக்கரைக்குப் போய், ஓடுகிற தண்ணீரில் கால் கழுவுகிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றேன். குடுக்கிறதுக்கு இல்லையென்றால் பிறகு எதற்குத் துவாயில் சுற்றிக் கடல் தாண்டிக் கொண்டு வர வேண்டும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அம்மா போகும்போது எனக்கு எட்டு வயது. பதினொரு வருடத்தில் இரண்டு தடவை லீவில் வந்தாள். மற்றபடி வெள்ளிக்கிழமை போன். பத்து நிமிஷம். "சாப்ட்டியா, படிக்கிறியா, அத்த சொல்றதக் கேக்குறியா." நான் மூன்றுக்கும் "ம்" என்பேன். மிச்ச நேரம் அப்பா பேசுவார். அப்பா பேசுவது என்றால், மழை பெய்தது, பால் வெட்டவில்லை. மழை பெய்யவில்லை, பால் வெட்டினோம். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மத்தியானம் அம்மாவே அந்தக் கருவியை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் பூனை ஸ்டிக்கரைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"ஒனக்கு இங்கிலீஸ் வாசிக்கத் தெரியுந்தானே. இத ஆடி முடிச்சுக் குடேன்."

"நான் எதுக்கு ஆடணும்?"

"நான் வேல பாத்த வீட்டுப் புள்ள குடுத்தது. அவளுக்குப் புதுசு வாங்கிட்டாங்க. நானும் அவளும் சேந்து நாலு வருசமா ஆடுனோம். கத முடியல. நான் வந்துட்டேன். வர்ற வெள்ளிக்கெழம இல்ல, அதுக்கு அடுத்த வெள்ளிக்கெழம போன் எடுப்பா. கத எப்பிடி முடிஞ்சிச்சுன்னு கேப்பா. சொல்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

அந்தப் பிள்ளைக்கு இப்போது பத்து வயது. பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து அம்மாதான் தூக்கி வளர்த்தாள். இதை நான் அறிந்திருந்தேன், ஆனால் மழை பெய்கிற செய்தி மாதிரி அறிந்திருந்தேன். ஒரு பிள்ளை, அதற்கு ஒரு பூனை ஸ்டிக்கர், அதற்கு என் அம்மா கொடுத்த வாக்கு என்று இப்போதுதான் கண்முன்னே வந்து உட்கார்ந்தது.

"ஒனக்கு அந்தக் கத வெளங்குமா?" என்று கேட்டேன்.

"ஏன் வெளங்காது? நல்லா வெளங்கும்," என்று அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். ஒரு பெண் பிள்ளை. அவள் ஊரில் கோயில் மணி தொலைந்துவிட்டது, இல்லை, தொலையவில்லை, சத்தம் மட்டும் நின்றுவிட்டது. அந்தச் சத்தத்தைத் திருப்பிக் கொண்டு வர மலை உச்சிக்குப் போகிறாள். துணைக்கு ஒற்றைக்கண் ஆடு. "நம்ம சிவனொளிபாதத்துக்கு ரெத்தினபுரிப் பக்கமா ஏறுறோமே, அது மாரி நீட்டு வழி." வழியில் ஒரு தொரை, அவருக்குக் காவலாக இரண்டு வாச்சர். தொரை கெட்டவர் போல இருப்பார், ஆனால் நல்லவர், ஆனால் கடைசியில் என்னவென்று தெரியாது. ஒரு கடை முதலாளி, ஆட்டை விலைக்குக் கேட்பான், கொடுத்துவிடக் கூடாது. ராஜாவையெல்லாம் அம்மா தொரை என்றாள், சேனாதிபதியைப் பெரிய கங்காணி என்றாள். கேட்டு முடித்தபோது எனக்குத் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை.

"இப்ப எங்க நிக்கிறா?"

"உச்சிக்குக் கிட்ட. ஒரு பலகைப் பாலம் இருக்கு. அதத் தாண்டிட்டா கோயிலு. கவனமா ஆடு, என்னா?"

செவ்வாய்க்கிழமை அம்மாவின் முதுகுவலிக்கு மருந்தெடுக்க அப்பாவும் அம்மாவும் இரத்தினபுரிக்கு பஸ் ஏறினார்கள். வீட்டில் நான் மட்டும். கருவியை முடுக்கினேன். திரையில் இரண்டு வரி வந்தது. ஒன்று கன்டினியூ, மற்றது நியூ கேம். கன்டினியூவுக்குப் பக்கத்தில் சிவப்பு மேலங்கி போட்ட ஒரு பெண்ணின் சின்னப் படம், லெவல் ஐம்பத்தெட்டு, ஆடிய நேரம் முந்நூற்றுப் பன்னிரண்டு மணி.

அந்த இடத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். வெளியாருக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆகவே முதலில் நிரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

தேயிலை மலையில் கொழுந்து எடுக்கப் போனால் காலையில் கங்காணி ஆளுக்கொரு நிரை பிடித்துக் கொடுப்பார். செடிகளுக்கு நடுவே போகிற அந்த வரிசை அன்றைக்கு உனக்கு. பக்கத்து நிரையில் கொழுந்து தளதளவென்று நிற்கட்டும், அதற்குரியவள் பின்தங்கி எங்கேயோ நிற்கட்டும், நீ அதில் கை வைக்கக் கூடாது. பள்ளிக்கூட லீவில் அத்தையோடு மலைக்குப் போன ஒரு நாள் நான் வைத்தேன். இரண்டே பிடி. நிரைக்காரி பார்த்துவிட்டாள். ஐயோ, அவள் போட்ட சத்தம்! என் பரம்பரையையே இழுத்தாள். அத்தை எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. என் சாக்கிலிருந்து இரண்டு பிடியை அள்ளி அவள் சாக்கில் போட வைத்து, "அடுத்தவ நெரையில கை வச்சா கை வெளங்காது. ஒன் நெரைய அடியிலேர்ந்து எடு," என்றாள். அது எனக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. பரீட்சையில்கூடப் பக்கத்தவள் தாளைப் பார்க்க எனக்குக் கூசும்.

ஆகவே அந்தச் சிவப்பு மேலங்கிப் பெண்ணைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: இது அவர்கள் நிரை. முந்நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் அவர்கள் எடுத்துக்கொண்டு போன நிரை. பாதியில் நுழைந்து நான் எடுக்கக் கூடாது. எனக்கென்று ஒன்றை அடியிலிருந்து தொடங்கி, ஓடிப் போய் அந்தப் பாலத்தில் அவர்களைப் பிடித்து, பிறகு சேர்ந்து முடிக்கலாம். நியூ கேமை அமுக்கினேன். மூன்று வரி ஆங்கிலம் வந்தது, கீழே ஆம், இல்லை. ஆம் என்றேன். பெயர் கேட்டது. ஆஸ்பத்திரியில் துண்டுச் சீட்டு எழுதும்போது கேட்டால் சொல்வது போல என் பெயரை எழுத்தெழுத்தாக அடித்தேன்.

பிறகு மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. ஆனால் ஒன்றும் புரியவுமில்லை. ஊருக்கு ஆபத்து, ஓடு, ஓடு என்கிறார்கள். அடுத்த வளைவில் ஒருத்தி நிறுத்தி என் கோழியைப் பிடித்துக் கொடு என்கிறாள். கோழி பிடித்துக் கொடுத்தால் அவள் புருஷன் விறகு கேட்கிறான். இவர்களுக்குக் கை கால் இல்லையா? உலகம் அழியப் போகிறது என்று அழுகிறார்கள், சத்திரத்தில் போய்ப் படுத்து எழுந்தால் உலகம் அப்படியே இருக்கிறது. யாரோடு பேசினாலும் முகம் தெரியாத ஒருவரைப் பற்றி இன்னொரு கதை சொல்கிறார்கள். என்னைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. சத்திரத்தில் படுத்தால் ஆட்டம் பதிவாகும் என்று எழுதியிருந்தது. படுத்தேன்.

அம்மா வருவதற்கு முன் அவர்கள் நிரையைச் சும்மா எட்டிப் பார்ப்போம் என்று முதல் பக்கத்துக்குப் போனேன். கன்டினியூ. பக்கத்தில் ஒரு சின்னப் படம். பழைய கவுன், கையில் குச்சி. லெவல் மூன்று. ஆடிய நேரம் மூன்று மணி.

சிவப்பு மேலங்கியைக் காணவில்லை.

உள்ளே எங்கேயாவது இருக்கும் என்று நினைத்தேன். எல்லாப் பக்கத்தையும் திறந்தேன், மூடினேன். அணைத்துப் போட்டேன். ஒரு மலையென்றால் நூறு நிரை இருக்குமே, இந்தச் சனியனுக்கு மொத்தமே ஒரு நிரைதானா? அப்படியும் ஒன்றைச் செய்து விற்பார்களா?

மறுநாள் பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்று பொய் சொல்லி எஹலியகொடை டவுனுக்குப் போனேன். போன் ரிப்பேர் கடையில் இருந்த சிங்கள அண்ணன் கருவியைப் புரட்டிப் பார்த்தார். நான் சிங்களத்திலேயே எல்லாம் சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "ஏக்க மெக்குனா நங்கி. ஆயெ கன்ன பே." அழிந்துவிட்டது, திருப்பி எடுக்க முடியாது. பிறகு கொஞ்சம் சிரித்துக்கொண்டு, அழிப்பதற்கு முன் அது கேட்டிருக்குமே என்றார்.

கேட்டது. மூன்று வரியில் கேட்டது. இதுதான் இன்றைக்கு வரை என்னை அரிக்கிறது. நான் ஏ.எல். வரை படித்தவள், அந்த மூன்று வரியை வாசிக்க எனக்குத் தெரியாதா? தெரியும். முதல் வரியை வாசித்த ஞாபகம் இருக்கிறது. மற்ற இரண்டையும் வாசித்தேனா? தோட்டத்தில் ஆபீஸ் காகிதம் எதை யார் முழுசாக வாசித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அந்தப் பழக்கத்தில் ஆம் என்றேனா? இல்லை, முந்நூற்றுப் பன்னிரண்டு மணி என்ற எண்ணைப் பார்த்த எரிச்சலில், விளங்கியும் விளங்காத மாதிரி அமுக்கினேனா? சாமி மேல் சத்தியம் செய் என்றால் எந்தப் பக்கமும் செய்ய மாட்டேன்.

பஸ்ஸில் வரும்போது கணக்கு எளிதாக ஓடியது. வாரத்துக்குப் பத்து நிமிஷம் எனக்கு. அவளுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு மணி, அதுவும் விளையாட்டுக்கு மட்டும். பொறாமை. வேறு பெயர் இல்லை. பத்து வயதுப் பிள்ளை மேல், முகம்கூடத் தெரியாத பிள்ளை மேல் பொறாமை. சீ என்று இருந்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. அதற்குப் பதில் மடத்தனமான ஒரு முடிவு எடுத்தேன். அந்தப் பிள்ளை போன் எடுக்கிற வெள்ளிக்கிழமைக்குள் ஆடி ஆடி அந்தப் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அவர்களுக்கு நாலு வருடம் எடுத்த மலையை நான் ஒன்பது நாளில் ஏற வேண்டும். மழை இறங்குவதற்குள் பால் சேர்த்துவிடப் பார்க்கிற அப்பா மாதிரி ஓட ஆரம்பித்தேன்.

"எங்க வந்துட்டா?" என்று அம்மா பக்கத்தில் வந்து உட்காருவாள். நான் திரையைத் திருப்புவேன்.

"கிட்டத்தான்."

"அவ செவப்புச் சட்டையில இருந்தாளே. இது என்னா பழைய கவுனு?"

"அது கிழிஞ்சு போச்சு."

"ஐயோ, எப்பிடிக் கிழிஞ்சிச்சு? அத எடுக்க நாங்க எவ்வளவு நாளு அலைஞ்சோம்!"

"முள்ளுல மாட்டிருச்சும்மா. பேசாம இரேன், ஆட விடு."

ஆடு எங்கே என்று கேட்டாள். மேயப் போயிருக்கிறது என்றேன். இப்படி ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக் கொடுத்தேன். அம்மாவுக்கு எப்படிச் சந்தேகம் வரவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய குழப்பம். அவள் சட்டையைப் பார்ப்பாள், குச்சியைப் பார்ப்பாள், முகம் சுருங்கும். பிறகு குனிந்து திரையின் கீழ் மூலையை உற்றுப் பார்ப்பாள், தலையை ஆட்டிக்கொள்வாள், முகம் சரியாகிவிடும். அந்த மூலையில் அப்படி என்ன இருக்கிறது என்று நானும் பார்த்தேன். பெயரும் லெவலும். வேறொன்றுமில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கவும் தெரியாது.

எனக்கு வழி தெரியாத இடத்தில் அம்மாவிடமே கேட்டேன், தெரிந்துகொண்டே கேட்பவள் மாதிரி. "அந்தக் கெணத்துல என்னா பண்ணுனீங்க?"

"கயிறு இல்லாம எறங்கிட்டோம். மூணு நாளு ஏற முடியல. அந்தப் புள்ளைக்கு அப்பதான் காய்ச்சலு. நெத்தியில துணி போட்டுக்கிட்டு மடியில படுத்துக்கிட்டே ஆடுனா. மேடம் ஊருல இல்ல. நான் சோறு தண்ணி இல்லாம அவளத் தூக்கிக்கிட்டே கெடந்தேன்."

"இந்தத் தொரை வீடு?"

"அது கொரோனா டைமு. வெளிய விடல. நாங்க ரெண்டு பேரும் அந்த வீட்டுக்குள்ளயே சுத்துனோம், வெளியவும் வீடு, உள்ளுக்கும் வீடு. அப்பதான் ஒங்க அப்பாவுக்குக் கையில கத்தி பட்டுச்சின்னு சொன்னீங்க. நான் அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்துல நின்னு அழுதேன். அவ ஆட்டத்த நிப்பாட்டிட்டு எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தா."

தோட்டம் என்று அம்மா சொன்னது திரைக்குள் இருக்கிற தோட்டத்தை. எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. இப்படித்தான் எனக்குத் தெரியாத அந்த வருடங்கள், ஒரு பெண் குச்சியோடு ஓடுகிற காட்டுக்குள்ளிருந்து துண்டு துண்டாக வந்தன. இந்தச் சத்திரத்தில்தான் அம்மா பல்வலியோடு இருந்தாள். இந்தப் படகுத்துறையில்தான் அவளுக்கு லீவு இல்லை என்றார்கள். நான் ஓ.எல். பரீட்சை எழுதிய மாதம் ஒரு குகைக்குள் இருந்தது. கதையில் வருகிற எவனும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் இடங்கள் பிடிபட ஆரம்பித்தன.

மழை விடாமல் பெய்து அப்பா வேலைக்குப் போகாத ஒரு மத்தியானம், அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ள ஓடிக்கிட்டே இருக்கே, அட்டை கடிக்காதா?" என்றார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பதை நான் அதுவரை கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. அழிந்துபோனது என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் லெவல் பதினான்கு. பாலம் எங்கே, நான் எங்கே.

வீடியோ போனில் அந்தப் பிள்ளை வந்தாள். மெலிந்த முகம், பல்லில் கம்பி. என் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எங்கள் லயத்தில் அம்மாவை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட அத்தைக்குத்தான் உரிமை. எனக்குச் சுருக்கென்றது. அம்மாவோ பெயர் கேட்டதும் உருகிப்போனாள். இருவரும் அரபியில் படபடவென்று பேசினார்கள், சிரித்தார்கள், அம்மா போனுக்கு முத்தம் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பாக்கணுமாம். காட்டு."

"பிறகு காட்டலாமே."

"காட்டு புள்ள. அவ ரெண்டு வாரமா காத்துக்கிட்டு இருக்கா."

காட்டினேன். வேறென்ன செய்ய? இறங்கத் தெரியாமல் நான் தள்ளிப்போட்டிருந்த கிணற்றடியில், பழைய கவுன் போட்ட பெண் கயிறில்லாமல் நின்றாள். அந்தப் பிள்ளை முகத்தைப் போனுக்குள் திணிக்கிற மாதிரி கிட்டே கொண்டு வந்து பார்த்தாள். ஒரு விநாடி போதுமாயிருந்தது. அம்மாவை ஏமாற்றிய பொய் எதுவும் அவளிடம் செல்லவில்லை. என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எங்களுடையது எங்கே?"

"அழிந்துவிட்டது. நான் அழித்துவிட்டேன்," என்றேன். ஆங்கிலத்தில் சொன்னதால் சொல்ல முடிந்தது. தமிழில் சொல்லியிருக்க மாட்டேன். அம்மா என் வாயையும் அவள் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பிள்ளை கீழுதட்டைக் கடித்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். கத்து, என்னைத் திட்டு என்று மனதுக்குள் கெஞ்சினேன். நிரைக்காரி கத்துவதுதானே முறை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரையை மறுபடி பார்த்தாள்.

"பெயர் மட்டும் அதேதான் இருக்கிறது. பெயர் எப்படித் தெரியும்?" என்றாள்.

"எந்தப் பெயர்?"

அவள் மூலையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். என் பெயரை, குவைத்துக்காரப் பிள்ளை ஒருத்தி, எந்த இடத்திலும் தடுமாறாமல், நூறு தடவை சொல்லிப் பழகியது போலச் சொன்னாள்.

"அது என் பெயர்," என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "இல்லை. அது மலை ஏறுகிற பிள்ளையின் பெயர். நான் ஆறு வயதில் தொடங்கும்போது என்ன பெயர் வைக்கலாம் என்று இவரிடம் கேட்டேன். இவருக்கு ஆங்கிலத்தில் தெரிந்த எழுத்துகள் இவ்வளவுதான். ஊருக்கு அனுப்புகிற பெட்டி மேல் எழுதுவாரே, அந்த எழுத்துகள்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "அப்படியென்றால் நீங்கள்தான் அவளா?"

ஆம் என்று சொன்னால், முந்நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் நான் அந்த வீட்டில் என் அம்மாவின் மடிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். ஆனால் நான் இங்கே இந்தக் காம்பராவில் அல்லவா இருந்தேன்? அத்தை கையால் சாப்பிட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமை பத்து நிமிஷத்துக்கு "ம்" சொல்லிக்கொண்டு?

அம்மா பொறுமை இழந்து அரபியில் கேட்டாள். அந்தப் பிள்ளை சொன்னாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்பது அம்மாவின் கை மெல்லக் கீழே இறங்கியதில் தெரிந்தது. போனில் இப்போது எங்கள் கூரைத் தகரம்தான் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். கூரையைப் பார்த்துக்கொண்டே அவள் என்னிடம் சத்தமாகச் சொன்னாள்: "கயிறு கோழிக்காரி வீட்டில் இருக்கிறது. கயிறு இல்லாமல் கிணற்றில் இறங்காதீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கேட்பேன்." வைத்துவிட்டாள்.

அம்மா எழுந்து பின்பக்கம் அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாலத்துக்குக் கிட்ட வந்துட்டாடி," என்றாள். "இன்னும் நாலு எட்டு."

"அடுத்தவ நெரையில கை வைக்கக் கூடாதுன்னு... நான் தனியா ஒன்னு எடுக்கலாம்னு பாத்தேம்மா. அதுல ஒரு நெரதான் இருந்துச்சு." சொல்லிக்கொண்டே வந்தபோது எனக்கே அது முழுப் பொய்யாகவும் பட்டது, முழு உண்மையாகவும் பட்டது.

அம்மாவும் மலையில் கொழுந்து எடுத்தவள். அவளுக்கு விளங்காமல் போகுமா? நிரை என்றதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அடுத்தவ நெரையா? எழுத்தக் கூட்டிப் பாத்துருந்தா தெரிஞ்சிருக்குமே, அது யாரு நெரன்னு."

"வெளிய எங்கயும் பேரு இல்லம்மா. படந்தான் இருந்துச்சு. நீ சொல்லியிருக்கலாந்தானே! பதினொரு வருசம் போன்ல பேசுனியே, ஒரு தடவ சொன்னியா?" கத்திவிட்டேன். பக்கத்துக் காம்பராவில் அத்தை பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது கேட்டது.

"எப்பிடிடி சொல்றது? ஒன் பேர இன்னொரு புள்ளைக்கிட்ட விளையாடக் குடுத்துருக்கேன்னா? கூச்சமா இருந்துச்சு. ஒனக்குக் கோவம் வரும்னு நெனச்சேன்."

வரத்தான் வந்தது. கூடவே வேறென்னவோவும் வந்தது. எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. அம்மா சோற்றுக்கு அரிசி போட்டாள். நான் கீரை ஆய்ந்தேன்.

அடுத்த இரண்டு நாளும் கருவி துவாய்க்குள்ளேயே கிடந்தது. திங்கட்கிழமை மத்தியானம் அம்மாவே அதை எடுத்து வந்து என் மடியில் வைத்துவிட்டு, தேங்காய் துருவுகிற பலகையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "போ. அந்தப் புள்ள வெள்ளிக்கெழம கேப்பா," என்றாள்.

கோழிக்காரி வீட்டில் கயிறு இருந்தது. எடுத்துக்கொண்டேன். கிணற்றில் இறங்குகிற இடத்தில் கல் வழுக்கும், ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். அம்மா துருவுவதை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்தாள். பாதி இறங்கியபோது என் பெயரைச் சொல்லி அதட்டினாள், வெறும் பெயரை, சத்தமாக.

"பாத்து எறங்குடி. கைய விட்றாத."

அவள் கண் திரையில் இருந்தது. என்னை ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் யாரிடம் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"சரிம்மா," என்றேன்.